வெயிலில் நின்ற தொதாரோ

ஈஸ்டருக்குப் பிறகு பெத்ராசெக்கா என்ற மலையூரில் ஒரு சொட்டு மழை விழவில்லை. ஆகஸ்ட் பாதி தாண்டியதும் ஊர் பொறுமை இழந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, காவல் புனிதர் தொதாரோவின் சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கி வெளியே தூக்கினார்கள். ஊர்வலத்துக்கு இல்லை. தண்டனைக்கு.

தொதாரோவுக்கு இது புதிதும் இல்லை. மழை தருவது அவர் வேலை. தந்தால் மெழுகுவர்த்தி, வேட்டு, வாத்தியம். தராவிட்டால் அவரும் ஊரோடு சேர்ந்து காய வேண்டியதுதான். போன பஞ்சத்தில் அவரைத் தலைகீழாகக் கிணற்றில் இறக்கினார்கள். மூக்கு போனது அப்போதுதான். இந்த முறை கிணற்றிலும் தண்ணீர் இல்லை. அதனால் வெயிலில் நிறுத்துவது என்று முடிவானது. வாயில் ஓர் உப்பு மத்தி மீன். தாகம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

"எங்க நிறுத்தறது?" என்று கேட்டார் பாசிலியோ சாமி. பங்குச் சாமியார் என்ற முறையில் இதையெல்லாம் அவர்தான் தடுக்க வேண்டும். தடுத்துப் பார்த்த முந்தைய சாமியாருக்கு ஊரில் ஒருத்தரும் முட்டைகூட விற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ஊர்லயே எது ரொம்பக் காஞ்ச நெலமோ அங்க," என்றான் கஸ்பாரே. புனிதரின் சபைக்கு அவன்தான் தலைவன். ஆட்டு மந்தை, கோதுமைக் காடு, தங்கப் பல் எல்லாம் உண்டு.

"அப்ப நம்ம வெனேராவோட தோப்புதான்," என்று யாரோ சொன்னார்கள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெனேரா கோவில் வாசலில் செருப்பிலிருந்து கல்லை உதறிக்கொண்டிருந்தாள்.

"என் தோப்பா? அவரு அங்க நின்னு மழை குடுத்தாருன்னா என் பொழப்பு என்னாகறது?"

"நீ அதுக்கு எதிரா செபம் பண்ணிக்க," என்றான் கஸ்பாரே. "உன்ன யாரு புடிச்சு வச்சா?"

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தோப்பு உண்மையில் கஸ்பாரேவுடையது. அவள் கணவன் அவனுடைய தம்பி. ஜெர்மனிக்குக் கார் ஆலை வேலைக்குப் போனவன் அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வரும், அதிலும் ரொட்டிக்கடைக்காரியின் கையெழுத்து. அவன் விட்டுப்போன மரங்களை வெனேராதான் கீறி மன்னா எடுத்துவந்தாள். பாதி அவளுக்கு, பாதி நிலத்துக்காரனுக்கு. இந்த வருடம் கஸ்பாரேவுக்குப் பிஸ்தா ஆசை பிடித்துவிட்டது. அடுத்த மலையில் எவனோ பிஸ்தா போட்டு மாடி வீடு கட்டிவிட்டானாம். அதனால் சபைக் கூட்டத்தில், சாமியார் முன்னால், சொல்லிவிட்டான்: செப்டம்பர் மாதா திருநாளுக்குள் என் பங்குப் பெட்டி விளிம்புவரை நிறைய வேண்டும். நிறையாவிட்டால் மறுநாள் காலை மரங்களுக்கு ரம்பம், அந்த இடத்தில் பிஸ்தா.

பெட்டி சின்னதில்லை. செஸ்நட் பலகையில் செய்தது. ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம். கோடை முழுக்கக் காய்ந்தால்தான் நிறையும். அந்த மரங்கள் அப்படிப்பட்டவை. மே மாதத்தில் வெள்ளைக் குஞ்சம் குஞ்சமாகப் பூத்து மலையையே மணக்க வைக்கும். அதைப் பார்த்து மயங்கி யாராவது தண்ணீர் ஊற்றினால் கொழுத்துப்போய்ச் சும்மா நிற்கும். தாகத்தில் வாட வேண்டும், இலை பளபளப்பு இழக்க வேண்டும், அடிமண் வெடித்து வேரை விட்டு விலக வேண்டும். அப்போதுதான் மரத்துக்கு ஆசை வந்திருக்கிறது என்பார்கள். பெத்ராசெக்காவில் மனுஷிக்கு ஆசை வந்தால் கெட்ட பெயர். மரத்துக்கு வந்தால் கத்தியைத் தீட்டிக்கொண்டு ஓடுவார்கள். பட்டையைக் கீறினால் ஊதா நிறத்தில் கசப்பாக ஒரு நீர் வரும். வெயில் பட்டதும் வெளுத்து, இனித்து, மெழுகு ஒழுகியதுபோல இறுகித் தொங்கும். அதுதான் மன்னா. பைபிளில் வானத்திலிருந்து விழுந்தது இதுதானா என்று சாமியாரைக் கேட்டால் பேச்சை மாற்றுவார். பட்டணத்து மருந்துக்கடைகள் இதை வாங்குவது மலச்சிக்கலுக்கு.

ஒரே ஒரு மழை போதும். தொங்குகிற அத்தனையும் சர்க்கரைபோலக் கரைந்து மண்ணுக்குப் போய்விடும்.

இப்படியாக, ஊருக்கு மழை வேண்டும், வெனேராவுக்கு மழை வேண்டாம். ஊர் தன் ஆளைக் கொண்டுவந்து அவள் மரங்களுக்கு நடுவில் நட்டுவிட்டுப் போனது.

*

காவலுக்கு சாரோவை வைத்தார்கள். சபையிலேயே வேறு வேலை இல்லாதவன் அவன்தான். கல்யாணத்துக்கு முன்னால் வெனேராவைப் பெண் கேட்டு வந்தவன்; அவள் மாட்டேன் என்றதும் கோபித்துக்கொள்ளாமல் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டுப் போனவன். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. சோம்பல் என்று அவனே சொல்வான்.

வெனேரா காலையில் கத்தியோடு வந்தபோது சாரோ மரநிழலில் படுத்திருந்தான். தொதாரோ வெட்டவெளியில் நின்றார். மரத்தில் செதுக்கிய போர்வீரன். மூக்கு இல்லை, வாயில் மத்தி, ஈட்டியில் ஒரு சிலந்திக்கூடு.

"எந்திரி. அந்த மடல மிதிக்காத," என்றாள். ஒவ்வொரு மரத்தடியிலும் சொட்டுவதைப் பிடிக்கக் காய்ந்த சப்பாத்திக்கள்ளி மடல்களை வைத்திருந்தாள்.

"மிதிக்கல. மிதிக்கற அளவுக்கு நான் நடக்கறதே இல்ல." அவன் வயிற்றைத் தடவினான். "வெனேரா, ஒரு உதவி. இங்க உக்காந்து உக்காந்து, காஞ்ச ரொட்டியும் பாலாடைக்கட்டியுமா தின்னு, எனக்கு எல்லாம் அடச்சுப்போச்சு. கொஞ்சம் மன்னா குடேன்."

"ஏன், புனிதரக் கேக்கறது?"

"அவருக்கே அடச்சுப்போய்தான் நிக்கறாரு. மூஞ்சியப் பாரு."

அவள் பார்த்தாள். உண்மைதான். மேல்சாயம் வெடித்து, வாய் கோணி, உலகத்தில் யாரும் நல்லவன் இல்லை என்பதுபோல நின்றார். வெயிலில் கீற்றுக் கீற்றாக உடம்பு விரிசல்விட ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அவர்மேல் பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கணவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒரு வருடம் மெழுகுவர்த்தி ஏற்றினாள். வாழ்த்து அட்டைதான் வந்தது. ஆனாலும் இப்போது இருவரும் ஒரே தோப்பில், ஒரே ஆளால் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

மன்னா துண்டு ஒன்றை உடைத்துப் பாதாம் பாலில் கரைத்து சாரோவிடம் கொடுத்தாள். நல்ல துண்டு. குழந்தைக்குக் கொடுக்கிற அளவில்லை, குதிரைக்குக் கொடுக்கிற அளவு. அவன் குவளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்தான்.

"இவ்வளவா? நான் சாயங்காலம் வரைக்கும் புதர விட்டு வரமாட்டேன் போலிருக்கே."

"அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ என்ன பண்ணாலும் நான் பாக்கலன்னு சொல்றதுக்கு நல்ல காரணம் கெடச்சுது." ஒரே மடக்கில் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு புதர்ப்பக்கம் ஓடியதும் வெனேரா தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி தொதாரோவின் தலையில் வைத்தாள். அவருக்குச் சிறியதாக இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை முகத்தில் மெதுவாக ஊற்றினாள். காய்ந்த மரம் அதைச் சத்தத்தோடு குடித்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கொஞ்சம் திக்கென்றிருந்தது.

"இங்க பாருங்க," என்றாள். "நான் கெஞ்சமாட்டேன். அவங்க உங்கள அடிக்கறாங்க, நான் தண்ணி குடுக்கறேன். கணக்கு புரியுதில்ல? மாதா திருநாள் வரைக்கும் வாய மூடிட்டு நில்லுங்க. அப்புறம் வெள்ளமே விட்டாலும் எனக்கென்ன?"

தொதாரோ பதில் சொல்லவில்லை. வாயில் மத்தி இருந்தது.

*

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. காலையில் அவள் மரம் மரமாகப் போய் நேற்றைய கீறலுக்கு ஒரு விரல் மேலே புதுக் கீறல் போடுவாள். சாரோ குவளையைக் கேட்பான், புதருக்குப் போவான். புனிதருக்குத் தொப்பி, தண்ணீர், உச்சிவெயிலில் ஓர் ஈரத்துணி. சாயங்காலம் கோவில் மணி அடிப்பதற்கு முன்னால் எல்லாம் கழற்றப்படும். வானம் அடிக்கிற நீலத்தில் இருந்தது. மன்னா இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு நீளமாகத் தொங்கி அவள் பார்த்ததில்லை. பெட்டி கால்வாசி தாண்டிப் பாதிக்கு ஏறியது.

மாட்டிக்கொண்டது அளவு நாடாவால்.

கஸ்பாரே ஒரு மத்தியானம் சொல்லாமல் வந்தான். கையில் அளவு நாடா. பிஸ்தாக் குழிகளுக்கு இடைவெளி பார்க்க வந்தவன். மரத்துக்கு மரம் நாடாவை இழுத்துக்கொண்டே வந்து நிமிர்ந்தால், எதிரே புனிதர். பெண்கள் தொப்பி. நெற்றியில் ஈரத்துணி. வாயில் ஒன்றுமில்லை.

"மத்தி எங்கடா?"

சாரோ எழுந்து நின்றான். "அது வந்து... தின்னுட்டேன்."

"புனிதர் வாயிலேர்ந்து எடுத்தா?"

"தெனமும் ஒண்ணு வைக்கறாங்க. வீணாப் போகுது. ரொட்டி மட்டும் எப்படித் திங்கறது?"

கஸ்பாரே அவனை விட்டுவிட்டான். அவன் தேடியது வேறு. ஊருக்குள் ஓடினான். மணியை அடிக்கவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தோப்பு முழுக்க ஆள். முன்னால் இக்னாசியா. ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி விற்கிறவள். அவள் நாக்கைப் பார்த்து நாயே ஒதுங்கும்.

"அடிப்பாவி! என் ஆடுக நாக்கத் தொங்கப்போட்டுட்டுக் கெடக்கு. நீ ஒரு மரக்கட்டைக்குத் தண்ணி ஊத்தறியா?"

"மரக்கட்டைன்னா அதுகிட்ட எதுக்கு மழை கேக்கறீங்க?"

"பேச்சப் பாரு!"

கஸ்பாரே கையைத் தூக்கினான். கல்லறையில் இரங்கல் உரை சொல்கிற குரலில் ஆரம்பித்தான்.

"ஊர் மக்களே, இத்தன நாளா ஏன் மழை வரல? இப்பத் தெரிஞ்சுபோச்சு. நாம அவரத் தண்டிக்கறோம்னு நெனச்சோம். இவ அவரைச் சொகுசா வச்சிருந்திருக்கா. தொப்பி என்ன, துணி என்ன! அதான் அவருக்கு மழை குடுக்கணும்னே தோணல. இவதான் மழையப் புடிச்சு வச்சிருக்கா. இப்பேர்ப்பட்டவளுக்கு என் நெலத்துல எடம் கெடையாது. பெட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே ரம்பத்தக் கொண்டாரேன்."

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று சத்தம். சாரோ புதரைப் பார்த்தான். இந்த முறை ஒளிவதற்கு.

வெனேரா மரங்களைப் பார்த்தாள். இத்தனை மரங்களையும் ஒரே காலையில் சாய்த்துவிடுவான், செய்யக்கூடியவன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தாள். கஸ்பாரே பேசியதே திரும்ப வந்தது.

"மச்சான், இன்னொரு தடவ சொல்லுங்க. மழைய யாரு புடிச்சு வச்சிருக்கா?"

"நீதான்!"

"எல்லாருக்கும் கேட்டுச்சா? சாமி, உங்களுக்கு?"

பாசிலியோ சாமி, கேட்டது என்பதாகவும் கேட்கவில்லை என்பதாகவும் தலையை ஆட்டினார்.

"சரி. நீங்க வாயில மத்திய வச்சீங்க, வெயில்ல போட்டீங்க, திட்டினீங்க. ஊரே சேந்து கேட்டும் ஒரு சொட்டு வரல. நான் ஒருத்தி, ஒரு பழைய தொப்பியும் ஒரு கொவளத் தண்ணியும் குடுத்து, வேண்டாம்னேன். நின்னுபோச்சு. மச்சான் சொல்றது நெசம்னா அவரு யார் பேச்சக் கேக்கறாரு?"

எல்லோரும் புனிதரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன வெளிய தள்ளிட்டு நாளைக்கு மரத்த வெட்டுங்க. வெட்டினா அவருக்குக் கோவம் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் இப்பப் பேச்சுவார்த்தை நல்லாத்தான் போகுது."

பெத்ராசெக்காவில் புனிதரை நம்பாதவர்கள் உண்டு. சிபாரிசை நம்பாதவர்கள் கிடையாது. தாலுகா ஆபீஸ் ஆனாலும் மோட்சம் ஆனாலும், உள்ளே ஆள் இருக்கிறவர்களிடம் போய் நிற்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. கூட்டத்தின் முகம் மாறுவதை வெனேரா பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் போய் ஒரு கணக்குப் பார்வை வந்தது. முதலில் வழிக்கு வந்தவள் இக்னாசியா.

"ஏம்மா வெனேரா," என்றாள். குரலில் பால் வடிந்தது. "இந்த மன்னாவெல்லாம் எப்ப எடுத்து முடிப்ப?"

"தனியாளு. மாதா திருநாள் ஆகும்."

"கூட ஆள் இருந்தா?"

"அப்பவும் மரம் சொட்டறதுதான் சொட்டும். ஆனா கீழ விழறது வீணாப்போகாது. சுரண்டறது ஒழுங்காச் சுரண்டலாம். பெட்டி முன்னாடியே ரொம்பும்."

"ரொம்பினா விட்டுடுவியா? மழைய?"

வெனேரா தொதாரோவைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று ஒரு நொடி அவளே எதிர்பார்த்தாள்.

"பெட்டி ரொம்பின நிமிஷம்," என்றாள்.

"இதெல்லாம் அஞ்ஞானம்," என்றார் பாசிலியோ சாமி. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்தப் பக்கத்துலேர்ந்து சுரண்டணும்?" என்று கேட்டார். அவருக்கும் தக்காளித் தோட்டம் இருந்தது.

*

அடுத்த நாள் வந்தவர்களைப் பார்த்து வெனேராவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் மன்னா சுரண்டியவர்கள்தான். ஆனால் இப்போது எல்லோருக்கும் தொந்தி. ஒருவன் மடலை உதைத்தான். ஒருத்தி சுரண்டுவதைவிடத் தின்றது அதிகம். மத்தியானம் அவளைப் புதரில் தேட வேண்டியிருந்தது. ஆனாலும் கைகள் நிறைய இருந்தன. பொட்டுத் துளிகூட மண்ணுக்குப் போகவில்லை. பெட்டி முக்காலுக்கு வந்தது.

தொதாரோவுக்கு யோகம். தலைக்குமேல் குடை. ஒன்று போதாதென்று இன்னொன்று. இக்னாசியா தினமும் புதுப் பாலாடைக்கட்டி கொண்டுவந்து காலடியில் வைத்தாள்; சாரோ தினமும் தின்றான். யாரோ டிரான்சிஸ்டர் கொண்டுவந்து வைத்தார்கள், பொழுது போவதற்கு. கால்பந்து வர்ணனையில் பலேர்மோ அணி தோற்கும்போதெல்லாம் சாமியார், "அதைக் கொஞ்சம் கொறச்சு வைங்க, அவருக்கு மனசு கெட்டுடப்போகுது," என்றார்.

ஊர் முறைத்ததில் ரம்பத்தைத் திருநாள் வரைக்கும் தள்ளிவைத்த கஸ்பாரே, தினமும் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தான். நிறைவது அவன் பங்குதான். ஆனாலும் கடன் கொடுத்தவன் வீட்டு வாசலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"விளிம்பு வரைக்கும்," என்றான். "ஞாபகம் இருக்கட்டும். ஒரு கை கொறஞ்சாலும் இல்ல."

"இருக்கு மச்சான்."

"திருநாள் நாளைக்கு."

"அதுவும் இருக்கு."

ஒரு சாண்தான் மிச்சம். மரங்களில் தொங்குவதை நாளைக்குக் காலையில் எடுத்துப் போட்டால் தீர்ந்தது. பச்சையாக எடுத்தால் குழையும். இன்னும் ஒரு வெயில் பட வேண்டும். அவள் பங்கு எதுவும் இன்னும் சேரவில்லை. அது திருநாளுக்கு அப்புறம் சொட்டுகிறதில்தான். அதைப்பற்றி அவள் நினைக்கவில்லை. முதலில் மரம் நிற்கட்டும்.

அன்று மத்தியானம் சாரோதான் பார்த்தான். புதரிலிருந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டே வந்தவன் கடல் பக்கம் கையைக் காட்டினான்.

"வெனேரா. உன் ஆளு உங்கிட்ட சொல்லாமலே ஆரம்பிச்சுட்டாரு போல."

அந்தப் பக்கத்து மலைக்குப் பின்னால் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு. பசுமாட்டின் வயிறுபோல அடி தொங்கிய மேகம். காற்றில் ஈரமண் வாசனை முன்கூட்டியே வந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் ஒரு நொடி வானத்தைப் பார்த்தார்கள். அடுத்த நொடி வெனேராவைப் பார்த்தார்கள்.

"நீதான் விட்டியா?" என்றாள் இக்னாசியா. கண்ணில் தண்ணீர்.

விட்டேன் என்று சொன்னால் ஏன் இன்றைக்கு என்பார்கள். விடவில்லை என்றால் அவள் சிபாரிசு அங்கேயே செத்தது. வெனேரா இரண்டும் சொல்லவில்லை. தொதாரோவைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மலையில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை சொல்லாத வார்த்தை. அப்புறம் கத்தினாள்:

"வாயப் பாத்துட்டு நிக்காதீங்க! சுரண்டுங்க! பெட்டி ரொம்பலன்னா இதோட சரி, அடுத்த வருஷமும் மழை கெடையாது!"

ஓடினார்கள். அன்று ஓடியதுபோல அந்த ஊர் வேறெதற்கும் ஓடியதில்லை. சுரண்டி கிடைக்காதவர்கள் சாவியால் சுரண்டினார்கள். இக்னாசியா பாலாடைக்கட்டி வழிக்கும் கரண்டியால். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்து மடியில் வாங்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினார். முதல் துளிகள் விழுந்தபோது பாதி மரம்தான் முடிந்திருந்தது. துளி பட்ட இடத்தில் வெள்ளைக் கம்பிகள் கண்ணாடியாகி, குழைந்து, வழிய ஆரம்பித்தன. வழிந்ததைக் கையால் தடுத்து வழித்தார்கள். பட்டையோடு, எறும்போடு, இலையோடு வந்தது. பெட்டிமேல் சாரோ குப்புறப் படுத்துத் தன் முதுகைக் கூரையாக்கினான். அவன் வாழ்க்கையில் செய்த முதல் வேலையையும் படுத்துக்கொண்டேதான் செய்தான். அவன் விலாவுக்குக் கீழே கையை நுழைத்து நுழைத்துப் போட்டார்கள்.

மழை கொட்ட ஆரம்பித்தபோது வெனேரா கடைசி மடலைக் கவிழ்த்தாள். சாரோவைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். விளிம்பு. விளிம்புக்கு மேலே கொஞ்சம் குவியல்கூட.

"மச்சான்! வந்து பாருங்க."

கஸ்பாரே நனைந்துகொண்டே வந்தான். குனிந்து பார்த்தான். மேலே கிடந்தது சாம்பலும் ஊதாவுமாக, சளிபோல. அதில் பாதி எறும்பு.

"இது மன்னாவா? சேறு."

"அடியில தோண்டிப் பாருங்க. பாலு மாதிரி இருக்கும். மேல ஒரு சாண்தான் இப்படி."

"இத நான் ஒத்துக்கமாட்டேன்," என்றான். தங்கப் பல் தெரிந்தது. "திருநாள் முடிஞ்ச மறுநாளே ரம்பம் வரும்."

அந்த நேரம் பார்த்து மழை இளைத்தது. மலையில் முதல் மழை அப்படித்தான். ஒரு மூச்சு கொட்டிவிட்டு நின்று யோசிக்கும். ஆனால் அதை நினைத்துப் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. தூறல் ஆனது. தூறலும் நின்றது. இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேற்கே ஒரு மூலையில் வெளிச்சம்கூட வந்துவிட்டது.

வெனேரா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஊருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"நிக்குது!" என்று அலறினாள் இக்னாசியா. "கஸ்பாரே, நாசமாப் போறவனே, வாங்கிக்கடா!"

"அது சேறு..."

"சேத்தத் தின்னு! உன்னால என் ஆடு சாகணுமா? வாங்கிக்க!"

"நீ வாங்கலன்னா இனி என் ஆலையில உன் கோதுமைய அரைக்கமாட்டேன்," என்றான் மாவு ஆலைக்காரன்.

"சபைத் தலைவரு பதவி," என்றார் சாமியார், மடியிலிருந்து எறும்பைத் தட்டிக்கொண்டே. "அதுக்கு வருஷா வருஷம் தேர்தல் உண்டுன்னு சட்டத்துல இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

கஸ்பாரே வானத்தைப் பார்த்தான். அந்த வெளிச்ச மூலை பெரிதாகிக்கொண்டிருந்தது. அவனுக்கும் ஆடு இருந்தது. அவனுக்கும் கோதுமைக் காடு இருந்தது. வெனேராவைப் பார்த்தபோது அவன் கண்ணில் அவள் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தாள். முட்டாள், அவனும் நம்பிவிட்டான்.

"சரி," என்றான்.

"சத்தமா!" என்றாள் இக்னாசியா. "அவருக்குக் கேக்கணும்."

"சரி! பெட்டி ரொம்பிடுச்சு! மரத்த வெட்டல! போதுமா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் நடக்கவில்லை. கஸ்பாரே வாயைத் திறந்து, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிற முகத்தோடு ஓர் அடி முன்னால் வந்தான். அப்போது மலைக்குப் பின்னாலிருந்து இரண்டாவது மேகம் வந்து சேர்ந்தது. இடி இடித்தது. இந்த முறை யோசிக்காமல் கொட்டியது.

கூட்டம் கூத்தாடிக்கொண்டே கீழே ஓடியது. நான்கு பேர் அதற்குள் யாரோ கொண்டுவந்த தார்ப்பாயில் பெட்டியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு கஸ்பாரேவின் பின்னால் போனார்கள். அவன் இரண்டு முறை வழுக்கி விழுந்தான். இரண்டு முறையும் யாரும் தூக்கிவிடவில்லை. சாமியார் தக்காளியை நினைத்தபடி கைதட்டிக்கொண்டே போனார். புனிதரை எடுத்துப்போக ஒருவருக்கும் நினைவில்லை.

சாரோ மட்டும் இருந்தான். சட்டை முழுக்க மன்னா. மழை அதைக் கரைத்து அவன் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

"உன் பங்கு?" என்றான்.

"மண்ணுல போகுது பாரு." கீறல்கள் எல்லாவற்றிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடத்துக்கு அவ்வளவுதான். மழை ஒரு முறை குடித்த மரம் இனி சொட்டாது.

"குளிர்காலத்துல பொழப்புக்கு என்ன பண்ணுவ?"

"இக்னாசியாகிட்ட ஆடு கறக்கப் போவேன். வேற என்ன?"

"அவ வாயத் தாங்குவியா?"

"உன் வாய்க்கு அது பரவாயில்ல."

அவன் சிரித்தான். அவள் பக்கத்திலிருந்த மரத்தின் மறுபக்கத்துக்குப் போனாள். இந்த வருடம் கத்தி படாத பக்கம். அடுத்த கோடைக்கென்று விட்டு வைத்த பக்கம். பட்டை நனைந்து வழவழவென்று, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. உள்ளங்கையை அதில் வைத்து மேலும் கீழும் தடவினாள். அடுத்த மரத்துக்குப் போய் அதையும் தடவிப் பார்த்தாள்.

"என்ன பாக்கற?" என்றான் சாரோ.

"நிக்குதான்னு."

"நிக்குது. வா, மழையில நின்னு எனக்கு மறுபடி வருது."

"புதர் அங்கதான இருக்கு, போ," என்றாள், மூன்றாவது மரத்தைத் தடவிக்கொண்டே.